மற்றப் பக்கத்தைத் தொடாதை, பிள்ளை



இம்மாதம் ஒரு காரின் பிறேக்கைப் பற்றி எழுதப் போகிறேன். "இது எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சமூகவியல் படித்த எனக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைக்காத பாடம் ஒன்று, ஒரு வேப்பமரத்தடியில் கிரீஸ் கையோடு இருந்தபோது கிடைத்தது.

வடமராட்சியில் நான் வேலைக்காகப் போய்வரும் கிராமம் ஒன்றில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்தவர். மாமனார் விட்டுச் சென்ற பழைய மொறிஸ் மைனர் கார்தான் இன்று அவருடைய சீவியம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார் வகை அது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சொட்டுப் பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் இதுவும் ஒன்று. கிளினிக்குக்குப் போகும் தாய்மாரையும் சந்தைக்குப் போகும் பெண்களையும் அக்கா இதில் ஏற்றி இறக்குகிறார்.

சில நாட்களாகப் பிறேக்கை மிதித்தால் கார் வலப்பக்கம் இழுத்தது. பிறேக் ஒயில் தாங்கியிலும் அளவு குறைந்து வந்தது. இந்தக் காரில் நாலு சில்லுக்கும் ஒயில் போவது ஒரே வழியால்தான். ஓரிடத்தில் ஒழுகினாலும் நாலு சில்லிலும் பிறேக் இல்லாமல் போகலாம். பிறகு கைபிறேக் மட்டும்தான் மிஞ்சும். பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றும் கார் இது. அக்கா அன்றே ஓட்டத்தை நிறுத்தினார். கராஜில் கொடுக்கக் காசு இல்லை. அயலில் இருந்த வயதான மெக்கானிக் ஐயா ஒருவர், "நான் பக்கத்தில இருந்து சொல்லித் தாறன், நீங்கள் செய்யுங்கோ" என்றார்.

மற்றச் சில்லுகளுக்குக் கல் அணைத்து, ஜக் அடித்து, அதை மட்டும் நம்பாமல் காருக்கடியில் மரக்குற்றியும் வைத்தோம். இடப்பக்க முன்சில்லைக் கழற்றி, ட்றம்மை இழுத்து எடுத்தோம். உள்ளே வளைந்த இரண்டு பிறேக் சூ, அவற்றைத் தள்ளும் இரண்டு சிலிண்டர்கள், பிடித்து இழுக்கும் ஸ்பிரிங்குகள். தூசியை வாயால் ஊதப் போனேன். ஐயா தடுத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும்; அந்தத் தூசி சுவாசப்பைக்குப் போனால் ஆபத்து. ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

ஒரு சிலிண்டரின் றப்பர் தேய்ந்து ஒயில் கசிந்திருந்தது. லைனிங் ஒயிலில் ஊறினால் அந்தச் சில்லு சரியாகப் பிடிக்காது. அதனால்தான் கார் நன்றாகப் பிடிக்கும் வலப்பக்கத்துக்கு இழுத்தது. ஊறிய லைனிங்கைக் கழுவிப் பாவிக்க முடியாது. புதிது போடுவதானால் இரண்டு முன்சில்லுக்கும் சேர்த்தே போட வேண்டும்.

"அப்ப வலப்பக்கத்தையும் இப்பவே கழட்டுவமே, நேரம் மிச்சம்" என்று நான் எழும்பினேன்.

"மற்றப் பக்கத்தைத் தொடாதை, பிள்ளை!" என்றார் ஐயா. "இதைப் பூட்டேக்க எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில எண்டு மறந்து போகும். அப்ப அதைத் திறந்து பாத்துப் பூட்டலாம். ரெண்டையும் குலைச்சால் ஆரைப் போய்க் கேக்கிறது?"

அக்கா கையிலிருந்த ஸ்பிரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்கு ரெண்டு பக்கத்தையும் ஒரே நாளில குலைச்சுப் போட்டாங்கள், ஐயா. பாத்துப் பூட்ட ஒண்டும் மிஞ்சேல்லை."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே தொடர்ந்தார்: "இல்லை, இருந்தது. செட்டிகுளம் முகாமில பக்கத்துக் கூடாரத்து அம்மா. அவ 2006இல தன்ர மனுசனை இழந்தவ. அவ காலமை எப்பிடி எழும்பி அடுப்பு மூட்டுறா எண்டு பாத்துத்தான் நானும் எழும்பினனான்."

வேலையைத் தொடர்ந்தோம். சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவ நான் போத்தலை எடுத்தேன். இரண்டாவது முறையும் ஏச்சு வாங்கினேன். மண்ணெண்ணெய் பட்டால் உள்ளே உள்ள றப்பர் ஊதிக் கெட்டுவிடும். புதிய பிறேக் ஒயிலால்தான் கழுவ வேண்டும். திறந்து கனநாள் கிடந்த ஒயிலும் கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும்.

புதிய றப்பர் போட்டு, சூக்களை வைத்து, ஸ்பிரிங்கைக் குறட்டால் இழுத்துக் கொழுவினார் அக்கா. இரண்டு தரம் தெறித்தது. மூன்றாம் தரம் இருந்தது. லைனிங்கில் கிரீஸ் கை படாமல் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் வலப்பக்கம். ஐயா வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்தார். முதல்நாள் தான் பூட்டிய ட்றம்மைத் திறந்துவைத்து, அதைப் பார்த்தே அக்கா மற்றதைப் பூட்டினார். பிறகு சில்லு இறுகும்வரை திருப்புளியால் முறுக்கி, தடையின்றிச் சுற்றும் அளவுக்குச் சற்றுத் தளர்த்தினார். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இப்படி இரண்டு இடம் உண்டு.

கடைசியாக ஒயில் வழியில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. நான் பெடலை அமத்த, அக்கா சில்லடியில் ஆணியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். அவர் அதைத் திரும்ப இறுக்கும்வரை நான் காலை எடுக்கக்கூடாது; எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போகும். பஞ்சுபோல் இருந்த பெடல் கடைசியில் கல்போல் நின்றது. வளவுக்குள் மெதுவாக ஓட்டி மிதித்தார். கார் நேராக நின்றது. அப்போதுதான் அக்கா சிரித்தார்.

இதை வாசித்துவிட்டுத் தனியே கழற்றத் தொடங்காதீர்கள். முதல் தடவை தெரிந்த ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் கேட்டுப் பழக வெட்கப்படவும் வேண்டாம்.

சென்ற கிழமை அங்கே போனேன். அயல் கிராமத்து இளம் தாய் ஒருத்தி அக்காவின் திண்ணையில் இருந்தாள். கணவரை இழந்து இரண்டு மாதம். யாரோடும் பேசுவதில்லையாம். அக்கா அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பின்சில்லைக் கழற்றியபடியே, "தங்கச்சி, இந்த லைற்றை ஒருக்காப் பிடிக்கிறியே?" என்றார். அவள் எழுந்து வந்து பிடித்தாள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.