காசை மறுக்கும் கடைகள்

சுவீடன் தேசத்தின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமிலே கோப்பிக்கடையொன்றினுட் புகுபவர், விலைப்பட்டியலைக் காணுமுன்னரே வாயிலிற் சிறு அறிவித்தலொன்றைக் காண்பது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. இங்கே காசு பெறப்படமாட்டாது என்பதே அவ்வறிவித்தலின் சாரம். பாணும் கோப்பியும் வேண்டுவோர் தம் வங்கியட்டையைச் சிறு கருவியொன்றின் மீது காட்டுதல் வேண்டும். அன்றேற் கைத்தொலைபேசி வாயிலாகப் பணம் செலுத்துதல் வேண்டும். நாட்டின் மத்திய வங்கி அச்சிட்டு வெளியிட்ட தாளை ஒருவர் நீட்டினால், கடைக்காரர் அதனைப் பணிவுடன் மறுத்துவிடுவார்.

இதில் விந்தையொன்றுண்டு. ஐரோப்பாவிலே முதன்முதல் வங்கித்தாளை வழங்கிய நாடும் சுவீடனே. பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டார் செம்புத் தகடுகளைப் பணமாக வழங்கினர். 1644 ஆம் ஆண்டில் வார்க்கப்பட்ட பத்து டாலர்த் தகடொன்றின் நிறை ஏறக்குறைய 20 கிலோகிராம். அத்தகைய பணத்தை மடியிற் கட்டுவதெங்ஙனம்? வண்டியிலன்றோ ஏற்றவேண்டும்! இத்தொல்லையைத் தீர்ப்பதற்கு யோகான் பாம்ஸ்துறூக் என்பவர் தாம் நடத்திய வங்கியின் வாயிலாக 1661 இல் தாட்பணத்தை வெளியிட்டார். அளவுக்கு மிஞ்சித் தாளை அச்சிட்டமையால் அவ்வங்கி சில ஆண்டுகளிலேயே முறிந்தது. அதன் அழிவிலிருந்தே 1668 இல் இன்றைய சுவீடன் மத்திய வங்கி தோன்றியது. இன்று உலகில் இயங்கும் மத்திய வங்கிகளுள் அதுவே மூத்தது.

அவ்வங்கி நடத்திய விசாரணைகளின்படி, தாம் இறுதியாக வாங்கிய பொருளுக்குக் காசு கொடுத்ததாகக் கூறியவர்கள் 2010 இல் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேராவர். 2018 இல் அத்தொகை 13 ஆயிற்று. 2020 இல் 9 ஆகச் சுருங்கிற்று. பத்தாண்டுக்குள் ஒரு சமூகத்தின் பழக்கம் இவ்வளவு விரைவாக மாறியதற்குக் காரணம் யாது?

மேலை நாட்டாருக்குப் புதுமையில் உள்ள மோகமே காரணமென்று சொல்லித் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது உண்மையன்று. காசுக்கு எதிரான இயக்கத்தை அங்கே தொடக்கி வைத்தவர்களுள் தொழிலாளரும் இருந்தனர். பேருந்துச் சாரதிகளும் கடைச் சிப்பந்திகளும் கொள்ளையரின் கத்திக்கும் துப்பாக்கிக்கும் முகங்கொடுக்க நேர்ந்தமையால், அவர்தம் சங்கங்கள் பணப்பெட்டியை அகற்றுமாறு கோரின. 2009 செப்ரெம்பரில் ஸ்ரொக்ஹோமிலுள்ள காசுக் களஞ்சியமொன்றின் கூரையில் உலங்குவானூர்தியிலே வந்திறங்கிய கூட்டத்தினர் பெருந்தொகையைக் கவர்ந்து சென்றனர். அபா இசைக்குழுவைச் சேர்ந்த பியோன் உல்வேயஸ், தம் மகனின் வீட்டிற் களவு நிகழ்ந்த பின்னர்க் காசை ஒழிக்கவேண்டுமென்று வெளிப்படையாகப் பிரசாரஞ் செய்தார். 2013 இல் திறக்கப்பட்ட அபா நூதனசாலையும் காசு பெறாமலே தொடங்கிற்று. பலன் இல்லாமற் போகவில்லை. 2008 இல் 110 ஆக இருந்த வங்கிக் கொள்ளைகள் 2011 இல் 16 ஆகக் குறைந்தன என வங்கியாளர் சங்கம் தெரிவித்தது. 2013 இல் ஸ்ரொக்ஹோம் வங்கிக் கிளையொன்றிற் புகுந்த திருடன் ஒருவன், அங்கே காசே வைப்பதில்லை என்றறிந்து வெறுங்கையுடன் திரும்பினான். அவன்மீது சிறிது இரக்கந்தானும் தோன்றுகிறது!

திருடரும் காலத்தோடு மாறினர் என்பதையும் கூறவேண்டும். முதியோருக்குத் தொலைபேசியிற் பேசி, அவர்தம் இரகசிய எண்ணைக் கறந்து, கணக்கை வெறுமையாக்கும் மோசடி பின்னர்ப் பெருகிற்று. துப்பாக்கிக்கு இரையான சிப்பந்தி தப்பினார். தனித்திருக்கும் பாட்டி அகப்பட்டாள்.

வங்கிகளின் பங்கும் சிறிதன்று. காசை எண்ணவும், காக்கவும், கொண்டு செல்லவும் வங்கிக்குச் செலவாகும். அட்டையோ கட்டணத்தை ஈட்டித் தரும். ஆதலின் கிளைகள் பல காசைக் கையாளுதலை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 2012 டிசெம்பரில் பெருவங்கிகள் ஆறு ஒன்றுகூடி 'சுவிஷ்' என்னும் கைத்தொலைபேசிப் பணமாற்று முறையை ஏற்படுத்தின. வார இறுதிச் சந்தையிற் பழம் விற்பவர் முதல் தேவாலயத்திற் காணிக்கை பெறுபவர் வரை அதனைப் பற்றிக்கொண்டனர். வசதியான முறையே, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனை உபயோகிக்கச் சுவீடன் வங்கியிற் கணக்கு வேண்டும், வங்கிகள் வழங்கும் மின்னடையாளம் வேண்டும், அவற்றுக்கேற்ற தொலைபேசியும் வேண்டும். புதிதாக வந்த அகதிக்கும், கணக்குத் திறக்க இயலாத வறியவருக்கும் இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தல் அரிது.

இனிச் சட்டத்தை நோக்குவோம். மத்திய வங்கியின் தாள் செல்லுபடியான பணமென்று சுவீடன் சட்டம் கூறுகிறது. எனினும் ஒப்பந்தஞ் செய்யும் சுதந்திரம் இவ்விதிக்கு மேலானதாகக் கொள்ளப்பட்டு வந்தது. வாயிலில் அறிவித்தலைத் தொங்கவிட்டாற் போதும். அதனைக் கண்டும் உட்புகுபவர் அந்நிபந்தனைக்கு உடன்பட்டவராவர். அரசாங்க நிறுவனங்களின் நிலை வேறு. மருத்துவக் கட்டணத்தைக் காசாகப் பெற மறுத்த பிராந்திய சபையொன்றுக்கு அவ்வுரிமை இல்லையென உச்ச நிர்வாக நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது. நோயாளி மருத்துவமனைக்குக் காசு கொடுக்கலாம். அதற்கு எதிரேயுள்ள கடையிற் பாண் வாங்கும்போது கொடுக்க இயலாது என்பதே இதன் விளைவு. உண்ணாமல் இருக்க இயலாதவன், அறிவித்தலைப் படித்துவிட்டுச் சுதந்திரமாக உடன்பட்டான் என்பது வக்கீலின் தருக்கமேயன்றி வேறன்று.

ஓய்வூதியம் பெறுவோர் சங்கத்தினர் 2016 இல் இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி அரசாங்கத்திடம் அளித்தனர். 'காசுக் கிளர்ச்சி' என்னும் பெயரால் ஓர் இயக்கமும் எழுந்தது. அதன் தலைவர் பியோன் எரிக்சன், முன்னாளில் நாட்டின் பொலிஸ் மாஅதிபராகவும் சர்வதேசப் பொலிஸ் நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தவர். கள்ளப்பணத்தின் இயல்பை அவரினும் நன்கறிந்தார் யாவர்? காசை விரும்புவோர் எல்லாரும் வரி ஏய்ப்போரே என்னும் வாதம் அவரிடத்திற் பலிக்கவில்லை.

அமெரிக்காவிலே இவ்விவாதம் வேறொரு வடிவத்தைக் கொண்டது. அங்கு 2017 இல் நூற்றுக்கு 6.5 குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை. கறுப்பினக் குடும்பங்களுள் இத்தொகை 16.9 ஆக இருந்தது. ஆதலின் காசு பெறாத உணவுச்சாலை, பலகையில் எழுதாமலே ஏழைகளை வாயிலில் நிறுத்திவிடுகிறது என்று பிலதெல்பியா நகரசபையினர் கருதினர். 2019 யூலை முதலாந் திகதி தொடக்கம் அந்நகரிற் சில்லறைக் கடைகள் காசை மறுத்தல் தடைசெய்யப்பட்டது. சுவீடனில் வறுமையும் இனமும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசப்படவில்லை. அங்கே மனமாற்றத்தை உண்டாக்கியது பெரும்பாலும் அச்சமே எனலாம்.

2018 மே மாதத்தில் அரசாங்கம் போரும் இடரும் வந்தால் செய்யவேண்டியன பற்றிச் சிறு கைந்நூலொன்றை 48 இலட்சம் வீடுகளுக்கு அனுப்பியது. தண்ணீர், போர்வை, வானொலி என்பவற்றோடு சிறு பெறுமதியுள்ள காசுத் தாள்களையும் வீட்டில் வைத்திருக்குமாறு அது கூறிற்று. 2024 இல் வெளிவந்த திருத்திய பதிப்பு, ஒரு வாரத்துக்கேனும் போதுமான காசு இருத்தல் நன்றென்றது. அத்தாள்களைக் கடைக்காரர் வாங்குவாரா என்பதையிட்டுக் குடும்பத் தலைவியே கவலைப்பட வேண்டியிருந்தது.

இவ்விடத்திற் காசின் ஆதரவாளர் மறவாது காட்டும் உதாரணமொன்றுண்டு. 2021 யூலையில் அமெரிக்க மென்பொருள் நிறுவனமொன்றைத் தாக்கிய இணையக் கொள்ளையரால், சுவீடனின் கூட்டுறவுப் பேரங்காடியான 'கூப்' தன் 800 கடைகளிற் பெரும்பாலானவற்றை மூடவேண்டியதாயிற்று. இந்நிகழ்ச்சி அவர்கள் எண்ணுவதை முற்றாக நிறுவுகிறது என்று சொல்வதற்கில்லை. அன்று செயலிழந்தது அட்டை முறையன்று. விலை பதியும் காசாளர் பொறி. கையிற் காசு வைத்திருந்தவரும் பட்டினியாகவே திரும்பினர். தொலைபேசியாற் பொருளைப் பதிந்து பணம் செலுத்தும் வேறு வழியொன்றினால் சில கடைகள் முதலில் திறக்கப்பட்டன என்பதும் உண்மை. எனவே காசைக் காப்பது மட்டும் போதாது. மின்சாரமும் இணைப்பும் அற்ற வேளையில் பென்சிலால் கணக்கெழுதி விற்கத் தெரிந்த கடைக்காரனும் வேண்டும். அவனைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை.

இப்பிரச்சினையின் வேர் இன்னும் ஆழமானது. மத்திய வங்கியின் தாள், அரசு குடிமகனுக்கு நேரே கொடுத்த வாக்கு. அட்டையில் உள்ள பணமோ தனியார் வங்கி கொடுத்த வாக்கு. முன்னதைக் கைவிடும் சமூகத்தில், ஒருவன் பாண் வாங்குவதற்கும் இடையிலே ஒரு வர்த்தக நிறுவனத்தின் அனுமதி வேண்டியதாகிறது. கணக்கு முடக்கப்பட்டால் அவன் சந்தையிலிருந்தே விலக்கப்படுகிறான். சுவீடன் மத்திய வங்கி இதனை உணர்ந்தே 2017 இல் 'மின்குரோணா' என்னும் அரசாங்க மின்பணத்தை ஆராயத் தொடங்கியது. பரீட்சைகள் நடந்தன. ஆயின் 2023 இல் அரசாங்க விசாரணையொன்று அதற்குப் போதிய தேவை இன்னும் இல்லையென்று முடிவு கூறியது. அதன்பின் உணவும் மருந்தும் விற்போர் காசைப் பெறுமாறு சட்டமியற்ற வேண்டுமென்று மத்திய வங்கியே வற்புறுத்தலாயிற்று.

நம்மவர் பலர் குடியேறி வாழும் அயல்நாடாகிய நோர்வே இதில் முந்திக்கொண்டது. 2024 ஒக்ரோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஆட்கள் நின்று வியாபாரஞ் செய்யும் நிலையான கடைகளில், 20,000 குரோணர் வரை காசாகக் கொடுக்க வாடிக்கையாளருக்கு உரிமையுண்டு. தானே விற்கும் பொறிகளுக்கும் ஆளில்லாக் கடைகளுக்கும் இவ்விதி பொருந்தாது. இத்தகைய கடைகள் பெருகினால் விதியின் வலிமை குன்றும் என்பது வெளிப்படை.

கடைக்காரரைக் கட்டாயப்படுத்துதல் ஒரு பாதியே. மாலையில் அவர் பெட்டியிற் சேர்ந்த தாள்களை யார் பெற்றுக்கொள்வது? கிளைகள் மூடப்பட்ட சிற்றூர்களில் இக்கேள்விக்கு விடை இல்லாமையாலேயே பல கடைகள் அறிவித்தலைத் தொங்கவிட்டன. 2020 சனவரி முதலாந் திகதி தொடங்கிய சுவீடன் சட்டம், பெருவங்கிகள் காசுச் சேவையைத் தொடர வேண்டுமென்றது. மக்களில் நூற்றுக்கு 99.7 பேருக்குக் காசு எடுக்கும் இடம் 25 கிலோமீற்றருக்குள் இருத்தல் வேண்டும். வியாபாரிகள் நாளாந்த வருமானத்தை வைப்பிலிடுவதற்கும் இதனையொத்த எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லையில் வாழும் வடபுலத்துக் கடைக்காரர் ஒருவர், பனிக்காலத்தில் கடையைப் பூட்டிவிட்டு அன்றைய காசை வங்கியிற் சேர்த்து மீள்வதற்கு 50 கிலோமீற்றர் வண்டியோட்ட வேண்டியிருக்கும்.