முகச்சுளிப்பு இடறல் ஆகாது

தமிழ்ச் சபைகளில் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இடறல். பாடகர் குழுவில் நிற்கிற பெண் தலையில் மல்லிகைப் பூ வைத்தால் மூத்தவர்களுக்கு இடறல். வாலிபர் ஆராதனையில் பறை வாசித்தால் இடறல். சேகரக் கணக்கைச் சபையார் முன்னால் வாசிக்கச் சொன்னால் விசுவாசிகளுக்கு இடறல். கேட்டவர் வாயடைத்து உட்கார்ந்துவிடுவார். கிறிஸ்து கொடுத்த விடுதலையைப் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும், சகோதரன் விழுவதற்குக் காரணமாக இருக்கக் கூடாது என்று பவுல் அப்போஸ்தலனே சொல்லியிருக்கிறாரே, அதை எதிர்த்து யார் பேசுவது?

நான் பவுலை எதிர்த்துப் பேசவில்லை. அவர் பெயரைச் சொல்லி நம்மிடையே வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கையை எதிர்த்துப் பேசுகிறேன். ஒருவர் முகம் சுளித்தால் அதுதான் இடறல், அந்த முகச்சுளிப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் பொறுப்பு என்பது அந்த நம்பிக்கை. எளியவரைக் காப்பாற்ற எழுதப்பட்ட போதனையைப் பிடுங்கி, ஏற்கெனவே செல்வாக்கோடு இருக்கிறவர் கையில் அது கொடுத்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக நம் சபைகளைக் கெடுத்துவருவதும் இதுதான்.

பவுல் எழுதியது எந்த ஊருக்கு, எந்தச் சிக்கலுக்கு என்று பார்க்க வேண்டும். கொரிந்து, ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் மறுபடி குடியேற்றிய துறைமுக நகரம். அங்கே கோவில்களை ஒட்டியே விருந்து மண்டபங்கள் இருந்தன. அஸ்கிலேப்பியு தெய்வத்தின் வளாகத்தில் சுவரோரம் சாய்ந்து உண்ணும் திண்ணைகளோடு கூடிய அறைகளை அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள். பிறந்தநாள், கலியாணம், தொழில் சங்கக் கூட்டம் எல்லாம் அங்கே நடக்கும். பலியிட்ட இறைச்சி அந்த விருந்துக்கும் போகும், கடைவீதிக்கும் வரும். ஏழை வீட்டில் அன்றாடம் இறைச்சி கிடையாது. திருவிழா வந்தால்தான், அதுவும் தெய்வத்துக்குப் படைத்ததாகத்தான், அவன் நாவில் படும். ஆகவே இறைச்சியும் சாமியும் அவன் மனதில் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தன. விருந்துக்கு அழைக்கப்படுகிற வசதி உள்ளவனோ, சிலை வெறும் கல்தான் என்ற ஞானத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தான்.

ஞானத்தைப் பொறுத்தவரை பவுல் வசதி உள்ளவன் பக்கம்தான். சிலையில் ஒன்றுமில்லை என்று அவரும் சொல்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்றும் எழுதுகிறார். ஆனாலும் அந்த ஏழை உங்களைப் பார்த்துத் துணிந்து, தன் மனசாட்சிக்கு விரோதமாகச் சாப்பிட்டு, விட்டுவந்த வழிபாட்டுக்கே திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். அவர் பயப்படுவது அந்த மனிதன் கெட்டுப்போவதைப் பற்றி. அவனுக்குக் கோபம் வருவதைப் பற்றியோ உங்களைக் குறை சொல்வதைப் பற்றியோ அங்கே ஒரு பேச்சும் இல்லை.

இது நடந்து நான் பார்த்திருக்கிறேன். தெற்கே ஒரு கிராமத்தில் சுடலைமாடன் கொடையில் பல வருஷம் சாமியாடியவர் ஒருவர். சல்லடமும் குல்லாயும் கட்டி, வல்லயம் பிடித்து நின்றால் ஊரே நடுங்கும். நடுவயதில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். மறு வருஷக் கொடை முடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து கிடாக்கறி ஒரு சம்படத்தில் வந்தது. அன்று அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த சபை மூப்பர் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர். “சும்மா சாப்பிடுங்க அண்ணாச்சி, கல்லுல என்ன இருக்கு” என்று சொல்லித் தானே முதலில் எடுத்துச் சாப்பிட்டார். மூப்பருக்கு அது வெறும் கறி. சாமியாடியவருக்கோ தொண்டையில் இறங்கவில்லை, இருந்தும் மூப்பர் முகத்துக்காக விழுங்கினார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, சாமி வந்து இறங்கிவிடும் என்ற பயம். அடுத்த கொடையில் மேளச் சத்தம் கேட்டதும் பழைய இடத்துக்கே போய் நின்றுவிட்டார். பிறகு சபைப் பக்கம் வரவே இல்லை.

இடறல் என்றால் இதுதான். வேதம் தெரிந்தவர், பேர் உள்ளவர், சபையில் சொல் செல்லுகிறவர் அந்த மூப்பர். கையை மடக்கிக்கொண்டு, “எனக்கும் வேண்டாம்” என்று சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். விடுதலையைப் பொறுப்போடு பயன்படுத்துவதன் செலவை விடுதலை அதிகம் உள்ளவன் கட்ட வேண்டும் என்று பவுல் வைத்திருந்தார். தன் சொந்த விஷயத்திலும் அப்படித்தான் நடந்தார். சபையிடம் சம்பளம் வாங்கத் தனக்கு முழு உரிமை உண்டு என்று விரிவாக வாதாடிவிட்டு, அந்த உரிமையைக் கொரிந்தில் பயன்படுத்தாமல் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாவோடும் கூடாரத் தொழில் செய்து சாப்பிட்டார்.

இப்போது நம் சபைகளில் இந்தச் செலவை யார் தலையில் கட்டுகிறோம்? பூ வைத்த பெண்ணைப் பார்த்து எந்த மூத்த சகோதரி எந்தப் பாவத்தில் விழுந்தார்? அவர் நாற்பது வருஷ விசுவாசி, பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்று சொன்னால் அது அவருடைய அபிப்பிராயமாக நின்றுவிடும், பதிலும் சொல்லலாம். இடறல் என்று சொன்னால் அது வேதம் ஆகிவிடுகிறது, பதில் சொல்கிறவள் அன்பில்லாதவள் ஆகிவிடுகிறாள். பலவீனருக்கு உரிய பாதுகாப்பைப் பலசாலி எடுத்துப் போர்த்திக்கொள்கிறார். கடைசியில் விட்டுக்கொடுக்கிறவள் அந்த இருபது வயதுப் பெண்.

கால்வின் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அவருடைய கிறிஸ்தவ சமயப் போதனை என்ற பெருநூலில், கிறிஸ்தவ விடுதலையைப் பற்றிய அதிகாரத்தில், பலவீனரின் இடறல் வேறு, பரிசேயரின் இடறல் வேறு என்கிறார். அறியாமையால் தடுமாறுகிறவனுக்காக நம் விடுதலையை அடக்கிக்கொள்ள வேண்டும். குறை பிடிப்பதற்கென்றே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்காக அடக்கத் தேவையில்லை. இது அவராகச் சொன்னதும் அல்ல. கை கழுவாமல் சாப்பிடுவதைப் பற்றி இயேசு பேசியதைக் கேட்டுப் பரிசேயர் இடறலடைந்தார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, அவர்களை விட்டுவிடுங்கள் என்றுதான் இயேசு சொன்னார். கை கழுவாத சீஷரைக் கண்டிக்கவும் இல்லை, சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை.

கால்வின் அங்கேயே தீமோத்தேயுவையும் தீத்துவையும் அருகருகே நிறுத்துகிறார். பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணினார், தீத்துவுக்குப் பண்ண மறுத்தார். சடங்கு ஒன்றே, முடிவு செய்தவரும் ஒருவரே. முதலாவது, யூதர் நடுவே ஊழியம் தடையில்லாமல் நடக்க அவரே மனமுவந்து செய்தது. இரண்டாவது, செய்தால்தான் சபையில் இடம் என்று சிலர் நெருக்கியபோது மறுத்தது. நெருக்கியவர்களும் மனம் புண்பட்டுத்தான் இருப்பார்கள். ஒரு மணி நேரம்கூட அவர்களுக்கு இணங்கவில்லை என்று பவுல் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தியோகியாவில் நடந்தது இன்னும் கூர்மையானது. கேபா என்கிற பேதுரு அங்கே புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிப்போனார். மற்ற யூதரும் விலகினார்கள், பர்னபாவும் இழுபட்டுப்போனார். கேபா தன் தரப்பில் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமா? வந்தவர்கள் ஆசாரமாக வளர்ந்தவர்கள், அவர்கள் மனம் நோகக் கூடாது, சமாதானம் முக்கியம். நம் கமிட்டிகளில் தினமும் கேட்கிற பேச்சுதான். சகோதரன் இடறுவான் என்றால் இறைச்சியைக் கடைசிவரை சாப்பிடமாட்டேன் என்று சொல்லத் துணிந்த அதே பவுல், இங்கே எல்லாருக்கும் முன்பாகக் கேபாவை முகத்துக்கு நேரே கண்டித்தார். தட்டில் இருக்கிறதை விட்டுக்கொடுக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதனை விட்டுக்கொடுக்கக் கூடாது. நம்மவர்கள் இந்த வேறுபாட்டைக் காணத் தவறியதால் வந்த வினை பெரிது.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பிறகு வளர்ந்த சபைகளில், சாதிவாரியாக உட்காருவது வழக்கமாக நிலைத்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனடியாக, முற்றிலுமாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் கொந்தளிப்பு எழுந்தது. எவருடைய கீர்த்தனைகளை நாம் இன்றும் உருகிப் பாடுகிறோமோ அந்த வேதநாயக சாஸ்திரியாரே அதற்கு முன்பிருந்தே மிஷனரிகளின் கண்டிப்பை எதிர்த்து எழுதியவர். அவர் பாட்டை நேசிக்கிற எனக்கு இதை எழுத வலிக்கிறது, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. லைப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல் போன்றவர்கள் வேறு வழி பார்த்தார்கள்: சாதி சமூக வழக்கம், இரட்சிப்போடு சம்பந்தப்பட்டதல்ல, பொறுமையாகக் கற்பித்தால் தானாகக் கரையும். வில்சனின் உத்தரவு பிடிக்காத பலர் அந்த மிஷனில் போய்ச் சேர்ந்தார்கள்.

கிரவுல் கெட்ட எண்ணத்தோடு பேசினார் என்று நான் சொல்லவில்லை. தமிழைக் கற்று, தமிழ் நூல்களை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவர் அவர். 1522 மார்ச்சில் லுத்தர் விட்டன்பர்க் திரும்பி, மாற்றங்களை அவசர அவசரமாகத் திணித்து எளிய விசுவாசிகளைத் தடுமாற வைக்காதீர்கள் என்று எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்தார். அந்தப் பொறுமையின் பாரம்பரியத்தில் வந்தவர் கிரவுல். ஆனால் விட்டன்பர்க்கில் லுத்தர் பாதுகாத்தது, பழைய பூசைக்குப் பழகிப்போய்ப் பயந்து நின்ற சாதாரண ஜனங்களை. தஞ்சையில் பொறுமை காட்டப்பட்டது நிலமும் கல்வியும் முன்வரிசையும் வைத்திருந்தவர்களுக்கு. பொறுத்திருக்கச் சொல்லப்பட்டது பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடம். அந்தப் பின்வரிசைக்காரருடைய மனசாட்சி என்ன பாடுபட்டது, அவர்களில் எத்தனை பேர் சபையை விட்டே இடறிப்போனார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கத்தோலிக்கர் பக்கமும் கதை இதேதான். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோவிலே இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. ஒரு சாதியை இன்னொரு சாதி பார்க்காமல் எல்லாரும் பீடத்தை மட்டும் பார்க்கலாம். 1910இல் தடுப்புச் சுவரை இடித்தபோது, தனி இடம் எங்கள் உரிமை என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள், வழக்கில் தோற்றார்கள். நீதிமன்றம் தள்ளிய உரிமையை நாம் இன்னும் தள்ளவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சுவர் வைத்துப் பிரித்தோம். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட கலவரத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின.

சாதிவெறி வேறு, பூ வைத்ததற்குக் கண்டிப்பது வேறு, இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்பார்கள். அளவில் வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை வாயடைக்க வைக்கிற பழக்கத்தில்தான் சபை பயிற்சி பெறுகிறது. முகம் சுளிப்பவரின் பேச்சே முடிவு என்று சின்ன விஷயத்தில் ஒத்துக்கொண்ட கமிட்டி, பொதுக் கல்லறைத் தோட்டம் என்ற பேச்சு வரும்போது எழுந்து நிற்காது.

மறுபக்கம், இடறலும் வேண்டாம், எதுவும் வேண்டாம், எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளதை யாரும் கேட்கக் கூடாது என்று சொல்கிற இளைஞர்கள் பெருகுகிறார்கள். குடியை விட்டு இரண்டு மாதமே ஆன நண்பன் முன்னால் கிளாஸை உயர்த்துவதும் விடுதலை என்கிறார்கள். அது கொரிந்துக்காரனின் ஞானம், அந்த மூப்பரின் ஞானமும் அதுவே. அவர்களைக் கண்டிக்கிற தகுதியை நாம் இழந்ததற்கும் காரணம் உண்டு. உண்மையான இடறலைச் சொல்ல வேண்டிய சொல்லைப் பூவுக்கும் பறைக்கும் செலவழித்துத் தீர்த்துவிட்டோம்.

நம் தெற்கத்திச் சபைகளில் அசனம் என்று ஒன்று இருக்கிறது. நேர்ச்சை அரிசியும் நேர்ச்சைக் கிடாவும் சேர்ந்து ராத்திரி முழுக்க அண்டாவில் வேகும். காலையில் ஓலைப்பாயில் சோறு மலைபோல் குவிந்திருக்கும், கறிக்குழம்பு வாசம் தெருவெல்லாம் அடிக்கும். ஊரே ஒரே பந்தியில் உட்காரும் நாள் அது என்று சொல்லிக்கொள்கிறோம். ஒருமுறை ஒரு சபையில் பந்தி தொடங்குவதற்கு முன்பே பின்வாசலில் தூக்குவாளியோடு ஒரு வரிசை நின்றதைப் பார்த்தேன். எல்லாம் நடமாடுகிற, வசதியான குடும்பங்கள். “கூட்டமா இருக்கு, வீட்ல வச்சு சாப்பிட்டுக்கிடுதோம்” என்று வாங்கிக்கொண்டு போனார்கள். பந்தியில் யார் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும் என்பது பரிமாறியவர்களுக்கும் தெரியும், கிளம்பிப்போனவர்களுக்கும் தெரியும். கேட்டால், விடுங்கள், சொன்னால் மனஸ்தாபம், இடறல் என்றார்கள். அந்தியோகியாவில் கேபா விலகிப்போனபோது அவர் கையில் வாளி இல்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

அடுத்த அசனத்துக்குக் கமிட்டி கூடும்போது ஒரு தீர்மானம் போடட்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கும் நடக்க முடியாத முதியவர்களுக்கும் சோறு வீடு தேடிப் போகட்டும், வாலிபர்கள் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மற்றவர் எவருக்கும் பந்தியில் மட்டுமே பரிமாற வேண்டும். போதகரான ஐயரவர்கள் முதல் பந்தியில், கோவில் பெருக்குகிற குடும்பத்தோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டும். சிலர் வராமல் போவார்கள், கிடாக்கள் குறையும், கமிட்டித் தேர்தலில் ஓட்டும் குறையும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். இது எங்களுக்கு இடறல் என்று யாராவது எழுந்து சொன்னால், இந்தப் பந்தியில் உட்காருவதால் அவர் எந்தப் பாவத்தில் விழப்போகிறார் என்று சபையார் முன்னிலையில் சொல்லச் சொல்லுங்கள், அந்தப் பதிலை நடவடிக்கைப் புத்தகத்தில் அவர் பெயரோடு எழுதிவையுங்கள்.