மலையிலிருந்து வீட்டுக்கு வந்தவை

கோடை பிறந்ததும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் வண்டிகளின் வரிசை நீள்கிறது. அதே மாதங்களில் சமவெளி நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில், பால்கனித் தொட்டிகளில் புதுப்புது இலைச்செடிகள் குடியேறுகின்றன. இரண்டும் தொடர்பில்லாத செய்திகளாகத் தோன்றலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டியிருக்கிறது. நீதிமன்றம் குறுக்கிட்டு வண்டிகளை எண்ணச் சொல்லும் அளவுக்கு மலையை நாடும் கூட்டம் பெருகிவிட்டது. வரவேற்பறையின் எந்த மூலைக்கு எந்தச் செடி பொருந்தும், எந்தச் சுவரில் எந்தப் படத்தை மாட்டலாம் என்று ஆற அமர யோசிக்கும் குடும்பங்களும் முன்னெப்போதையும்விடப் பெருகியிருக்கின்றன. வெளியே சுற்றித் திரியும் வேட்கையும் வீட்டை அழகுபடுத்தும் வேட்கையும் நெடுங்காலமாகவே உடன்பிறந்தவை. காட்டுக்கும் மலைக்கும் கடலுக்கும் போய் மகிழ்ந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியது அரிது. எதைக் கொண்டுவந்தார்கள், அதை வீட்டில் எங்கே வைத்தார்கள், எடுத்த இடத்தில் பிறகு என்ன நேர்ந்தது என்று சேர்த்துப் பார்த்தால் அந்தத் தலைமுறையின் மனம் ஓரளவு தெரியவரும். நீலகிரியின் கடந்த இருநூறு ஆண்டுகளை அப்படிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அந்த மலையில் இந்தக் கதை எல்லா வடிவங்களிலும் நடந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் கொஞ்சம் போக வேண்டும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கப் போன பெண்கள் அருவியில் ஆடி, மலையெங்கும் அலைந்து பூப்பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். அந்தக் குவியலில் 99 பூக்களின் பெயர்கள் இருப்பதாக உரைகாரர் வழி நாம் அறிகிறோம். பிழைப்புக்காக அன்றி, முழுக்க முழுக்க மகிழ்ச்சிக்காகவே நடந்த மலையுலா அது. அவர்கள் சூடிய பூ அந்தி சாய்வதற்குள் வாடியிருக்கும். இடையில் உடுத்த தழை மறுநாள் மண்ணோடு கலந்திருக்கும். நம் வாசற்கோலத்திலும் அந்த மனமே இன்னும் உயிரோடு இருக்கிறது. விடியலில் இட்ட மாக்கோலம் எறும்புக்கு இரையாகி, வருவோர் போவோர் காலடியில் கலைந்து, அடுத்த விடியலில் வேறொரு புள்ளிக் கணக்கில் மீண்டும் பிறக்கிறது. அழகு நிலைத்திருக்க வேண்டும் என்ற பதற்றம் அதில் இல்லை. இதைக் கொண்டு பழந்தமிழர் காட்டுக்கு ஊறே செய்யாதவர்கள் என்று சொல்லிவிட மனம் விழைகிறது. ஆனால் அதே சங்கப் பாடல்களில் சிறுவர் கழுத்தில் புலிப்பல் தாலி தொங்குகிறது. ஒரு புலி மடியாமல் அந்த அணி இல்லை. நிலைக்கிற நினைவுப்பொருள் மீதான ஆசை அன்றும் இருந்தது. மலையை வெறுமையாக்கும் அளவுக்கு அன்றைய கைகள் நீளவில்லை.

கைகள் நீண்ட காலம் 1819-இல் தொடங்கியது எனலாம். கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் அந்த ஆண்டு மலையேறினார். கோத்தகிரிப் பக்கத்துக் கன்னேரிமுக்கில் அவர் எழுப்பிய வீடு இன்று நினைவில்லமாக நிற்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் அவருடைய கல் பங்களா எழுந்தது. சல்லிவனைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது: மலை அதன் பழங்குடிகளான தோடர்களுக்கு உரியது என்று தம் அரசாங்கத்தோடு வாதாடியவரும் அவரே. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் குறைவு. குளிர்ந்த காற்றும் மூடுபனியும் அவர்களுக்குச் சொந்த ஊரை நினைவூட்டின. மரமில்லாத புல்வெளிகள் மட்டும் அந்த நினைவோடு ஒட்டவில்லை. அடுத்தடுத்த மேடுகளில் அலையலையாகப் படர்ந்த புல்லும், மடிப்புகளில் மட்டும் அடர்ந்து இருண்ட சோலையும் அந்த மலையின் இயல்பு என்பதை அவர்கள் கண் ஏற்கவில்லை. வரவேற்பறையில் காலியாகக் கிடக்கும் மூலையைப் பார்ப்பதுபோலப் புல்வெளியைப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் வந்தது. 1843-இல் கற்பூர மரம் வந்தது. விறகுத் தேவையும் உண்மையே. சோலைகளை வெட்டித் தீர்த்த ஊருக்கு விரைவாக வளரும் மரம் வேண்டியிருந்தது. 1848 முதல் வில்லியம் கிரகாம் மக்ஐவர் சரிவில் அடுக்கடுக்காகத் தாவரவியல் பூங்காவை அமைத்தார். இன்று கோடைவிழாவில் இலட்சக்கணக்கானோர் படமெடுத்துக்கொள்ளும் பூங்கா அது. ஒரு வீட்டை அலங்கரிப்பதற்குப் பதிலாக ஒரு மலையையே அலங்கரித்த முயற்சி என்று இதைச் சொன்னால் மிகையாகாது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. தோல் பதனிடவும் செயற்கைப்பட்டு இழைக்கும் மரம் தேவையென்று நம் அரசே புல்வெளிகளில் சீகையும் கற்பூரமும் நட்டது. பழியை ஆங்கிலேயர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

இந்த அலங்காரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் தோடர் குடியிருப்புகளான மந்துகளில் கிடைக்கிறது. அரைப்பீப்பாய் போல வளைந்து நிற்கும் அவர்களுடைய பழைய வீட்டை அருகில் பார்த்தவர் மறக்க மாட்டார். தவழ்ந்து நுழையும் அளவே வாசல். வளைத்துக் கட்டிய மூங்கிலும் பிரம்பும். மேலே நெருக்கமாக வேய்ந்த புல். அந்தப் புல் கண்ட இடத்தில் முளைப்பதன்று. புல்வெளிகளுக்கு நடுவே ஊற்றுநீர் தேங்கும் சதுப்புகளில் வளர்வது. நீரை உறிஞ்சும் அயல் மரங்களும், சதுப்பை வடித்து விளைநிலமாக்கிய வேளாண்மையும் சேர்ந்து அந்தப் புல்லை அரிதாக்கின. இன்று பெரும்பாலான தோடர்கள் சிமெண்டு வீடுகளில் வாழ்கிறார்கள். பழைய வடிவம் பெரும்பாலும் கோயில்களில் மிஞ்சியிருக்கிறது, அவற்றை வேயவும் நெடுந்தூரம் நடந்து புல் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் தம் ஏக்கத்துக்காக அழகுபடுத்திய நிலத்தில் இன்னொருவருடைய வீட்டுக் கூரை காணாமற்போயிற்று. வரலாற்று நூல்களில் ஒரு வரியில் கடந்துவிடுகிற இந்தச் செய்தியை என்னால் அவ்வளவு எளிதில் கடக்க முடியவில்லை. கூரை போன பிறகும் தோடப் பெண்களின் கையில் ஊசி தங்கியிருக்கிறது. வெளிர்நிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே அவர்கள் இடும் பூவேலை, துணியின் இரு பக்கமும் அழகாக விழும். உடலைச் சுற்றிப் போர்த்தும் பூத்துக்குளியில் இருந்த அந்த வேலை, 2013-இல் புவிசார் குறியீடு பெற்று, இப்போது மெத்தையுறையாகவும் மேசைவிரிப்பாகவும் நகரத்து வீடுகளுக்குள் வருகிறது.

மலையில் வாழ்ந்த வெள்ளையருக்குப் பொழுதுபோக்கு என்றால் முதலில் வேட்டைதான். இங்கிலாந்தில் நரி துரத்திய பழக்கம் உதகைப் புல்வெளிகளில் குள்ளநரியைத் துரத்துவதாக மாறியது. உதகை கிளப்பின் சுவர்களில் அந்தக் காலம் இன்னும் கொம்புகளாகவும் தலைகளாகவும் மாட்டப்பட்டிருக்கிறது. மலையின் மறுபுறம் மைசூரில் 1900-ஐ ஒட்டித் தொடங்கிய வான் இங்கன் குடும்பத்தின் தொழிற்கூடம், சுட்ட விலங்கைப் பாடம் செய்து கொடுப்பதில் உலகப் புகழ் பெற்றது. காகிதக்கூழ் வார்ப்பின்மேல் தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் பதித்து, வாயைப் பிளந்து உறுமும் கோலத்தில் நிறுத்தி அனுப்புவார்கள். அரண்மனைகளுக்கும் மாளிகைகளுக்கும் கடல் கடந்த பண்ணைவீடுகளுக்கும் அங்கிருந்து ஆயிரக்கணக்கில் புலிகளும் சிறுத்தைகளும் போயின. காட்டில் அந்தப் புலி பெரும்பாலும் ஒலியில்லாமல் நடந்திருக்கும். சுவருக்கு வந்தபின் என்றென்றைக்கும் உறும வேண்டியதாயிற்று. வெல்லப்பட்டது வலிமையானது என்று விருந்தினருக்குத் தெரிய வேண்டுமே. பாறை விளிம்புகளில் நிற்கும் வரையாடு அதைவிட எளிதான குறி. ஒரு காலத்தில் மந்தை மந்தையாகத் திரிந்த அந்த இனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் நூறளவுக்கு அருகிவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்த அழிவை முதலில் உணர்ந்தவர்களும் வேட்டைக்காரர்களே. 1877-இல் நீலகிரியில் அவர்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். 1879-இல் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது. விளையாட்டுக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற தன்னலத்தில் தொடங்கிய அக்கறைதான். ஆனாலும் அந்தச் சங்கம் பெயர் மாறி இன்று வனவிலங்குகளையும் சூழலையும் காக்கும் அமைப்பாக வாழ்கிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து துப்பாக்கிகள் ஓய்ந்தன. மைசூர்த் தொழிற்கூடமும் 1999-இல் மூடப்பட்டது. வரையாட்டைத் தமிழகம் தன் மாநில விலங்காகக் கொண்டது. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1,031 வரையாடுகள் தென்பட்டன. ஒரு தலைமுறை சுவரில் மாட்டியதை இன்னொரு தலைமுறை பாறையில் தேடி எண்ணுகிறது.

செட்டிநாட்டு மாளிகைகள் இதே கதையைக் கடல்வழியே சொல்கின்றன. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார், பர்மாத் தேக்கைத் தூணாகவும், இத்தாலியச் சலவைக்கல்லைத் தரையாகவும், பெல்ஜியக் கண்ணாடியைச் சுவர் அணியாகவும் கொண்டுவந்து வறண்ட மண்ணில் நட்டார்கள். ஆத்தங்குடியில் உள்ளூர் மணலைக் கொண்டு வார்த்த ஓடுகள் அவற்றுக்கு இணையாக நின்றன. 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்தச் செல்வத்தின் ஊற்றுக்கண் அடைபட்டது. இன்று அந்த வீடுகள் பலவற்றின் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வழியாகப் பெருநகர உணவகங்களுக்கும் புது வீடுகளுக்கும் போய்ச்சேர்கின்றன. பர்மாக் காட்டில் வெட்டிய மரம் இரண்டாம் முறையாக இடம் பெயர்கிறது.

நம் தலைமுறை மலையிலிருந்து கொண்டுவருவது பெரும்பாலும் படம்தான். எவருக்கும் கெடுதியில்லாத பொருள் என்று அதை நினைத்திருந்தோம். 2018-இல் நீலகிரியிலும் மூணாறிலும் குறிஞ்சி பூத்தபோது ஒரு படம் ஆயிரம் பேரை இழுத்தது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பூத்த செடியைக் கிளையோடு ஒடித்துப் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக்காரர்களைச் சூழ்ந்து பலரைப் பலிகொண்டது. அதன்பின் அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 தடங்களைத் தேர்ந்து, மலையில் பிறந்து வளர்ந்தவர்களை வழிகாட்டிகளாக்கி, பதிவு செய்துகொண்டு நடக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. எந்தப் பூவை எப்போது தொடலாம், எந்தச் சத்தம் கேட்டால் நிற்க வேண்டும் என்று அறிந்தவரின் பின்னால் நடப்பது மலைக்குச் செய்யும் மரியாதை என்றே நான் கருதுகிறேன். குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்கும்.

இவ்வளவையும் ஒரே செடியில் காட்ட முடியும். உண்ணிச்செடி. தென் அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியத் தோட்டங்களில் வண்ணம் மாறும் பூவுக்காகக் கொண்டாடப்பட்டு, 1809 வாக்கில் கொல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகவே வந்தது. பறவைகள் அதன் கனியைத் தின்று விதையைக் காடெங்கும் தூவின. இன்று முதுமலையிலும் பந்திப்பூரிலும் சாலையோரம் நின்று பார்த்தால் தெரியும் பசுமையில் பெரும்பங்கு அதுதான். யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல் அதன் அடியில் முளைப்பதில்லை. பூத்திருக்கும்போது மிக அழகாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே காட்டில் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் சென்னா மரமும் அழகுக்காக வந்து ஆக்கிரமித்த இன்னொன்று.

அந்தக் காட்டின் பழங்குடிகள் உண்ணிச்செடியை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள். பிரம்பு கிடைப்பது அரிதானபோது, உண்ணித் தண்டை வெட்டி, கொதிநீரில் வேகவைத்து, தோலை உரித்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து நாற்காலியும் அலமாரியும் செய்தார்கள். கரையான் அதை எளிதில் அரிப்பதில்லை. மாதேஸ்வரன் மலையில் சோளகர் கற்ற இந்தத் தொழில் கூடலூர்ப் பக்கம் வேறோர் உயரத்தைத் தொட்டது. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் எனப் பலர் கூடி, தாம் அறிந்த காட்டு யானைகளின் உருவிலேயே, நிஜ அளவில், உண்ணித் தண்டால் யானைகளைச் செய்தார்கள். அவை 2021-இல் இலண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 முதல் அமெரிக்க நகரங்களைச் சுற்றின. ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே மலைச்சாரலிலிருந்து தோலும் தந்தமும் போன நாடுகளுக்கு, காட்டைக் கெடுத்த செடியே யானையாகிப் போயிருக்கிறது. வீட்டுக்கு ஒரு நாற்காலி வாங்க நினைக்கும் எவரும் இந்தக் கைகளைத் தேடிப் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆயினும் நாற்காலிகளாலும் யானைகளாலும் மட்டும் அந்தச் செடி தீர்ந்துவிடாது. மேலே வெட்டினால் வேரிலிருந்து மறுபடி தளிர்க்கும். வேர்க்கழுத்தோடு பிடுங்கி எடுத்தாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் அடுத்த மழையில் எழும். பிடுங்கிய இடத்தில் உள்ளூர்ப் புல்லை விதைத்து, ஆண்டுதோறும் திரும்பி வந்து கன்றுகளைக் களைந்தால்தான் யானைக்குத் தீவனம் முளைக்கும். அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்திருக்கிறது. பணி சிறு சிறு துண்டுகளாக நடந்துவருகிறது. பரவுவதற்கு இருநூறு ஆண்டு எடுத்துக்கொண்டதை ஒரு திட்டக்காலத்தில் அகற்றிவிட முடியாது. இப்போது களைபிடுங்கும் கூடலூர்ப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அதே சரிவுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.