பல்வைத்தியம் பயிலச் செல்லும் எம் பிள்ளைகள்

விழா மலரில் வாழ்த்து மிகுதல் வழக்கம். ஆயினும், வாழ்த்துதற்குரிய மாணவர் சிலர் உள்ளத்திற் சுமக்கும் துயரைப் பற்றி ஒரு வார்த்தை கூறாதிருத்தல் தகாது.

உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்வோர் பெரும்பாலும் மருத்துவத்தையே முதல் விருப்பமாகக் கொள்வர். இசட் புள்ளி சிறிது குறைந்தவர்க்குப் பல்வைத்தியம் வாய்க்கின்றது. நாட்டின் முன்னணி மாணவருள் ஒருவனாய் நின்ற அவனை நோக்கி, "பல்லுக்குத்தானா கிடைத்தது?" என உற்றார் வினவுகின்றனர். யாமும் ஒருகால் அவ்வாறு வினவியதுண்டு. அம்முகம் வாடியதைக் கண்ட பின்னரே எம் பிழையை உணர்ந்தோம்.

தோற்றவன் என்ற எண்ணத்துடன் பேராதனை புகுவோனுக்கு அங்கே காத்திருக்கும் சுமையும் சிறிதன்று. தமிழிற் பயின்றவன் ஆங்கிலத்திற் பாடங் கேட்டல் வேண்டும். பின்னாண்டுகளில், நோவுக்கு அஞ்சும் நோயாளியின் வாயினுள் நுண்ணிய வேலை செய்தல் வேண்டும். பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் பல்வைத்திய மாணவரிடை மனவழுத்தம் மிகுந்திருத்தலைக் காட்டியுள்ளன. பல்வைத்தியரே ஏனையோரினும் மிகுதியாகத் தம்முயிரை மாய்ப்பர் என்னும் பேச்சு உறுதிப்பட்டதன்று. பேச்சு உறுதியற்றதாயினும் துயர் பொய்யன்று.

இத்துயர் நீக்கற்கரியதுமன்று. 1995 ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதத்தில் உலகின் முன்னணியில் நின்ற இலங்கை, கொடிய பூச்சிநாசினிகளைத் தடை செய்து அவ்வீதத்தைப் பெரிதும் குறைத்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998 இல் நீங்கிற்று. ஆதலின் துன்புற்றவன் அஞ்சி ஒளித்தல் வேண்டா. சாவைப் பற்றிய எண்ணம் உண்டோ என நேரே கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் எனச் சிலர் அஞ்சுவர். அஃது அவ்வாறன்று, அன்புடன் கேட்டால் மனம் திறக்கும். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் ஒவ்வொரு மாணவனும் அறிந்திருத்தல் நன்று.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு எமது வேண்டுகோள் ஒன்று. பல்வைத்தியம் பயிலச் செல்லும் ஒவ்வொருவர்க்கும், அத்துறையில் முன் சென்ற பழைய மாணவர் ஒருவரைத் துணையாக்குக. அவர் மாதம் ஒருமுறை அழைத்து, பரீட்சைப் பெறுபேற்றைக் கேளாது, "தம்பி, நீர் சுகமாய் இருக்கிறீரோ?" என்று கேட்பாராக. பரிசளிப்பு விழாவில் மருத்துவம், பொறியியல் புகுந்தோர் பெயரை மட்டும் முழங்கும் வழக்கத்தை ஆசிரியராகிய யாமும் விடுவோமாக. கல்லூரி தந்த கல்வியினும் கல்லூரி தரும் துணை பெரிதாதல் வேண்டும்.