போட ஒரு வாரம், எடுக்கப் பதினாறு மாதம்

“பிடிக்காத சட்டமா? அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வோம்” என்று யாராவது சொன்னால், எனக்கு நம் நாட்டின் பொய்ச் செய்தி எதிர்ப்புச் சட்டம்தான் நினைவுக்கு வரும்.

2018 மார்ச் 26-இல் அந்த மசோதா மக்களவையில் தாக்கலானது. ஏப்ரல் 2-இல் நிறைவேறியது. மறுநாளே மேலவையும் ஒப்புதல் தந்தது. 6 ஆண்டு வரை சிறை, 500,000 ரிங்கிட் வரை அபராதம். எது பொய்ச் செய்தி என்ற விளக்கமோ மிக அகலம். குடும்பப் புலனக் குழுவில் கண்டதையெல்லாம் தட்டிவிடுவோரும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. (அந்த மட்டில் நல்லதுதான்!) ஏப்ரல் மாதம் முடியும்முன் டென்மார்க் நாட்டவர் ஒருவர் தண்டனையும் பெற்றார்.

மே 9 பொதுத்தேர்தலில் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் மக்களவை ரத்து மசோதாவை நிறைவேற்றியது. கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தோம். செப்டம்பரில் மேலவை அதை நிராகரித்துவிட்டது.

நாம் வாக்களிப்பது மக்களவைக்கு மட்டுமே. மேலவையின் 70 இடங்களில் 44 மாமன்னரின் நியமனம்; 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புகின்றன. செனட்டர்களின் தவணை மூன்றாண்டு. மக்களவை கலைந்தாலும் அவர்கள் பதவி போகாது. எனவே ஆட்சி மாறிய பிறகும் அங்கே பழைய ஆட்சிக்காலத்தில் வந்தவர்களின் கையே ஓங்கியிருந்தது.

ஆனால் மேலவையால் தள்ளிப்போட முடியுமே தவிர, ஒரேயடியாகத் தடுக்க முடியாது. ஓராண்டு கழித்து மக்களவை அதே மசோதாவை மீண்டும் நிறைவேற்றினால், மேலவை மறுத்தாலும் அது மாமன்னரின் ஒப்புதலுக்குப் போகலாம் என்கிறது அரசியலமைப்பின் 68-ஆவது பிரிவு. 2019 அக்டோபரில் மக்களவை அப்படியே செய்தது. டிசம்பரில் மேலவையும் இணங்கியது.

அதனால்தான் தேர்தலைவிட அந்த முதல் வாரமே முக்கியம் என்பேன். மசோதாவின் வாசகம் நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே கிடைக்கும். தொகுதி உறுப்பினரின் சேவை மையத்துக்குச் சாலைக் குழிக்காக மட்டுமா போன் செய்வது?

2021 மார்ச்சில், அவசரகாலத்தின்போது, பொய்ச் செய்திக்கு எதிரான விதிகள் அவசரச் சட்டமாகத் திரும்பி வந்தன. கோவிட்-19, அவசரகாலம் பற்றிய செய்திகளுக்கு மட்டும். 3 ஆண்டு வரை சிறை. அந்த ஆண்டுக்குள் அதுவும் போய்விட்டது. ஆனால் வந்தபோது நாடாளுமன்றமே கூடவில்லை. போன் செய்திருந்தாலும் நம் உறுப்பினர் எழுந்து பேச அவை இல்லை.