பாண்ட் வாத்தியமும் பறையும்: சில கேள்விகள்

ஆண்டின் முதலாந் தவணை தொடங்கிவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிற்பகல் அமைதி என்பது இல்லை. பாடசாலை மைதானங்களில் பாண்ட் அணிகள் பயிற்சியில் இறங்கிவிடும். இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்க நெருங்க ஒலியும் உயரும். இதனைக் குறைகூற நான் எழுதவில்லை. வெயிலிலே கால்கடுக்க நின்று ஒரே தாளத்தை நூறு முறை அடித்துப் பழகும் பிள்ளைகளின் உழைப்பு மதிக்கத்தக்கது. எனது வழக்கு அவர்களோடு அன்று. எது கௌரவம், எது இழிவு என்று அவர்களுக்குக் கற்பிக்கும் பெரியவர்களோடு.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்புத் தமிழ்ப் பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாவுக்கான ஆயத்தக் கூட்டத்தில் இருக்க நேர்ந்தது. பெயர் வேண்டாம், வேறெந்தப் பாடசாலையாயினும் விடை அதுவாகவே இருந்திருக்கும். பிரதம அதிதியை அழைத்துவரும்போது பாண்ட் அணிக்குப் பின்னே பறையணி ஒன்றும் வரலாமே என்றேன். ஒரு சிரிப்பு எழுந்தது. “சேர், இது பரிசளிப்பு விழா, செத்தவீடு இல்லை” என்றார் ஒருவர். கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டது. அவர் பொல்லாதவர் அல்லர். நன்கு கற்றவர், மேடையேறினால் சங்க இலக்கியம் பேசுபவர். முரசுகட்டிலில் உறங்கிய மோசிகீரனாருக்குச் சேரமான் கவரி வீசிய கதையை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஏட்டிலே முரசு வீற்றிருக்கலாம், முற்றத்திலே பறை வரக்கூடாது!

பாண்ட் அணியின் பூர்வீகத்தைச் சற்று நோக்குவோம். இலங்கையில் பாடசாலைப் படைப்பயிற்சி 1881 இல் றோயல் கல்லூரியில் ஆரம்பமாயிற்று. மாணவரை அணிவகுத்து நடத்தும் பழக்கமும் அதற்கேற்ற வாத்தியங்களும் எமது பாடசாலைகளுட் புகுந்தது பெரிதும் இந்தப் படைமுகாம் வழியாகவே. படையிலே பியூகிளும் டிரம்மும் ஆற்றிய பணி யாது? எழு, உண், முன்னேறு, பின்வாங்கு, விளக்கை அணை என்று ஏவுவது. வால்வு இல்லாத பியூகிளிலே படை அழைப்புகளுக்குப் பயன்படுவன ஐந்து சுரங்கள் மாத்திரமே. அது இசைக்கருவி என்பதினும் ஏவற்கருவி எனலே பொருந்தும். போரையும் சாவையும் அரசாணையையும் ஊருக்கு அறிவித்த பறையும் அதே குலத்தது. ஏவற்கருவி என்ற வகையில் இரண்டிற்கும் ஏற்றத்தாழ்வு கிடையாது. ஒன்றை வெள்ளைக்காரன் வாசித்தான், மற்றையதை நாம் ஒதுக்கிவைத்தோர் வாசித்தனர். வேறுபாடு இவ்வளவே.

அந்த ஏழைப் பியூகிளை அமெரிக்க இளைஞர் என்ன செய்தனர் என்பது எமது அதிபர்கள் அறியவேண்டிய வரலாறு. முதலாம் உலகப்போரிலிருந்து மீண்ட படைவீரரின் சங்கங்கள் 1920களில் டிரம்–பியூகிள் அணிகளை அமைத்துப் போட்டிகளை நடத்தின. பின்னர் கத்தோலிக்கப் பங்குகளும் சாரணர் குழுக்களும் சிறுவரைச் சேர்த்து அணிகட்டின. நெடுங்காலம் அப்போட்டிகளில் தவறொன்றுக்குப் பத்திலொரு புள்ளி வெட்டும் முறையே நிலவியது. கால் பிசகினாலும் குறைப்பு, கோல் பிசகினாலும் குறைப்பு. அணிகளை நடத்தியோர் தமக்கு விதிவகுக்கும் உரிமை தமக்கே வேண்டுமென்று கிளர்ந்து 1971 இல் சர்வதேச டிரம் கோர் அமைப்பை உருவாக்கினர். 1972 இல் விஸ்கொன்சின் மாநிலத்து வைற்வோட்டரில் அதன் முதற் போட்டி நடைபெற்றது. அனஹைம் கிங்ஸ்மென் அணி வென்றது. 1984 இல் அந்தப் புள்ளிவெட்டும் முறையையே கைவிட்டனர். தவறாமை மட்டும் கலையாகாது என்பதை உணர்ந்தனர் போலும். பியூகிளுக்கு வால்வுகள் வந்தன, மைதானம் அரங்காயிற்று. படைமுகாமின் ஏவற்கருவி இருபத்திரண்டு வயதுக்குட்பட்டோரின் கலையாக வளர்ந்த கதை இது.

நாமோ அவர்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம். மெட்டும் அதே, நடையும் அதே, பிரதம அதிதியின் முன் திரும்பும் கோணமும் அதே. கேட்டால் ‘ஒழுக்கம்’ என்பார்கள். ஏவியபடி நடப்பதையே ஒழுக்கம் என்று கொள்வோர் காலனித்துவ ஆட்சியாளர் எம்மிடம் எதிர்பார்த்ததை இன்றும் வழுவாது நிறைவேற்றுகின்றனர்.

இதனைக் கேட்டவுடன் இன்னொரு சாரார் கைதட்டக்கூடும். பாண்டைத் தூக்கியெறிவோம், அது அந்நியம் என்பர். இவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வயலினும் அந்நியந்தான், பாலுசுவாமி தீட்சிதர் காலந்தொட்டு அது கர்நாடக இசைக்கு உரியதாகிவிட்டது. கொச்சிக்கடை அந்தோனியாரின் திருநாளாகிய ஜூன் 13 இல் பாண்ட் இசை கேட்டு வளர்ந்த கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தமிழரிடம் போய், அது உங்களுடையதன்று என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? மேலும், அந்நியத்தை விரட்டப் புறப்படுவோர் பலர் அந்த இடத்திலே நாதஸ்வரத்தையும் தவிலையும் வைப்பரேயன்றிப் பறையை வைக்கமாட்டார்கள். ஆடிவேல் ஊர்வலத்துக்குத் தவில், அமங்கலத்துக்குப் பறை என்ற பாகுபாட்டை எந்த வெள்ளைக்காரனும் எமக்குக் கற்பிக்கவில்லை.

தொல்காப்பியம் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தது. நிலத்துக்கொரு பறை இருந்தது என்பதே அதன் பொருள். அத்தகைய கருவி ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட ஊழியமாக ஆயிற்று. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பறையறைதலை அடிமைத்தொழில் என்று கூறித் தூக்கியெறிந்தவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து ‘மரபை அழித்தீர்’ என்று பல்கலைக்கழகத்திலிருந்து சொல்வது வெட்கங்கெட்ட செயல். கூலியோ மரியாதையோ இன்றிச் சாவீட்டு முற்றத்தில் நிறுத்தப்பட்டவன் அக்கருவியை வெறுப்பதற்கு நியாயம் உண்டு. அதனை வெறுக்க நியாயம் இல்லாதவர், அவனை அங்கே நிறுத்தியவரே.

மாற்றுவழி இல்லையென்று சொல்லவும் இயலாது. 1990களில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. மௌனகுரு இன்னிய அணியை உருவாக்கினார். பறை, மத்தளம், உடுக்கு முதலிய வாத்தியங்களோடு, கூத்தின் உடைமரபைத் தழுவிய கோலத்தில் மாணவர் அணிவகுத்து வந்தனர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்துக்குச் செய்ததன் தொடர்ச்சியாகவே இதனை நான் காண்கிறேன். பட்டதாரி மாணவன் கூத்தாடுவதா என்று அன்றும் முகஞ்சுளித்தோர் இருந்தனர். மட்டக்களப்பிலே இயன்றது கொழும்பிலே இயலாமைக்குக் காரணம் யாது? இங்கே எமது பிள்ளைகள் பிறர் கண்ணில் எவ்வாறு தோன்றுவர் என்ற அச்சம் பெற்றோரை ஆட்டிப்படைக்கின்றது. 1983 ஐக் கண்ட நகரில் அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடேன். ஆயின் பறையை மறைப்பதற்கு அது காரணமாகாது. சிங்கள மாணவர் தமது பாடசாலை விழாக்களில் கண்டிய பெரஹெராவின் பெரையை வெளிப்படையாக முழக்குகின்றனர். அவர்களிடையேயும் பெரவா என்ற சாதிப்பெயரின் வடு இருக்கவே செய்கின்றது.

எனவே நான் கேட்பது மிகவும் சாதாரணமானது. கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளிடையே ஆண்டுதோறும் பறையணிப் போட்டி ஒன்று நடத்தப்படட்டும். கேடயத்தை எமது சங்கமே வழங்கலாம். இம்மலரை அச்சிடும் செலவிலே ஒரு சிறுபகுதி அதற்குப் போதும். தவறெண்ணும் நடுவர் வேண்டாம். புதிதாக என்ன செய்தார்கள் என்று கேட்கும் நடுவர் வேண்டும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் இருந்த அணிகள் செலவு தாங்காது சில பத்துகளாகச் சுருங்கின. ஆகவே உடைக்கும் கருவிக்கும் செலவு வரம்பு முதலாண்டிலேயே விதிக்கப்படல் வேண்டும். பாண்ட் அணியும் இருக்கட்டும். டிரம் அடிக்கும் பிள்ளையே பறையும் அடிக்கட்டும்.

இன்னொன்று: ஈழத்துப் பறை, தமிழக மேடைகளில் நாம் காணும் ஒருமுகச் சட்டப்பறை அன்று, இருமுகங் கொண்டது, அடிக்கும் முறையும் வேறு. ஒளிநாடா பார்த்துப் பழகிவிடலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். அதனைத் தலைமுறையாக அறிந்தவர் வந்து கற்பிக்கவேண்டும். பாண்ட் பயிற்றுநருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவை அவருக்கும் கொடுக்கவேண்டும். ஆசிரியர் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி இடப்படவேண்டும். மாணவர் அவரையும் ‘சேர்’ என்றே அழைக்கவேண்டும். இதற்கு இணங்காத பாடசாலை எமது கேடயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை.