பூவரசம்பூவும் பண்ட்ரெய்சரும்

சொற்களுக்கும் வர்க்கம் உண்டு. 'பண்ட்ரெய்சர்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று கொழும்புத் தமிழர் நாவில் தாராளமாகப் புழங்குகிறது. விடுதி மண்டபத்தில் நடக்கும் இராப்போசனமும் பண்ட்ரெய்சர். அதை நடத்தும் கனவானும் பண்ட்ரெய்சர். செயலையும் ஆளையும் ஒரே பெயரால் அழைக்கும் இச்சொல், கொடுத்தவனையும் பெறவேண்டியவனையும் மட்டும் வசதியாக மறந்துவிடுகிறது.

நம் மொழியில் சொற்பஞ்சம் இல்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து வேறாகச் சேர்த்துவைத்த பெண்களின் ஈகைக்குப் பிடியரிசி என்று பெயர். கொடுக்கும் கையின் அளவே அங்கே பெயராயிற்று. மொய் என்றால் திருப்பிச் செய்யும் கடமையும் உடன் வருகிறது. அதனாலன்றோ அதற்கு ஏடு எழுதுகிறார்கள்! தண்டல் என்றால் வாங்குபவனின் அதிகாரம் ஒளிவின்றித் தெரிகிறது. தொழிலாளர் இயக்கத்தார் தெருவில் உண்டியல் ஏந்தியபோது 'உண்டியல் குலுக்கிகள்' என்று நகைத்தோர் பலர். அதே செயல் குளிரூட்டிய மண்டபத்துக்குள் புகுந்ததும் ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு மரியாதை பெற்றுவிட்டது.

தெமட்டகொடையைப் பார்ப்போம். ஊர்ப் பெயரின் ஈற்றில் 'கொடை' என்று நம் செவியில் விழுவது, சிங்களத்தில் மேட்டுநிலத்தைக் குறிக்கும் சொல். ஈகைக்கும் அதற்கும் உறவில்லை. புகையிரதத் தொழிலாளரும் தோட்டவீட்டு ஏழைகளும் உழைத்து வாழும் அப்பகுதிக்கு அண்மையில், கொலன்னாவைப் பக்கம், மீதொட்டமுல்லை இருக்கிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அங்கே குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பின் கழிவை எங்கள் தலைமேல் கொட்டாதீர் என்று அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியிருந்தனர். அழிவுக்குப் பின் உதவிகள் திரண்டன. கொடுத்த கைகளை நாம் பழிக்கவில்லை. ஆனால் அம்மக்கள் முன்னர் கேட்டது உரிமை. பின்னர் கிடைத்தது உதவி. இவ்விரண்டுக்கும் இடையிலே முப்பதுக்கு மேற்பட்ட பிணங்கள் கிடந்தன.

நிதி திரட்டுதலே இழிவானதா? அன்று. இத்தீவின் வரலாறே அதற்குச் சான்று. முதல் உலகப் போரின் நினைவாக ஆண்டுதோறும் நவம்பர் 11இல் இங்கே பொப்பி மலர் விற்றார்கள். இலங்கையில் திரட்டிய அப்பணத்தில் இலங்கைப் போர்வீரருக்குக் கிடைத்தது சிறு பங்கே. இதனை எதிர்த்து 1931இல் ஏலியன் பெரேரா சூரியமல் விற்பனையைத் தொடங்கினார். சூரியமல் வேறொன்றுமில்லை, நம் வேலியோரத்துப் பூவரசம்பூதான். பள்ளிப் பிள்ளைகளைப் பொப்பி வாங்கச் செய்யும் அநியாயத்தை 1933இல் டொரீன் விக்கிரமசிங்க 'மலர்களின் போர்' என்ற கட்டுரையில் சாடினார். இளைஞர் அணிதிரண்டனர். பூவை வாங்கியோர் பெரும்பாலும் ஏழைகள். சேர்ந்த தொகையும் பெரிதன்று. அப்படியிருந்தும் தெருவில் பணம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த ஆட்சியாளர் சட்டத்தைத் தேடினர். ஏன்? அந்தச் சதத்தோடு கேள்வியும் சேர்ந்து திரண்டது. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது அவ்வியக்கத்தினர் கிராமங்களில் மருந்தும் உணவும் வழங்கினர். 1935 டிசம்பரில் பிறந்த லங்கா சமசமாஜக் கட்சிக்கு அங்கேதான் நாற்று விளைந்தது.

இன்றைய நிலை என்ன? 1945இல் இலவசக் கல்வி கண்ட நாட்டிலே, கூரைக்கும் கழிவறைக்கும் பாடசாலைகள் கையேந்துகின்றன. ஆசிரியர் கையில் டிக்கற் புத்தகம். மாணவன் அதைத் தெருத்தெருவாய் விற்கிறான். விற்க முடியாத ஏழைப் பிள்ளை வகுப்பில் தலைகுனிகிறது. பொப்பி போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

"திரட்டாவிட்டால் கூரை ஒழுகுமே" என்பர் சிலர். மெய்தான், ஒழுகும் கூரையின் கீழ்ப் பிள்ளைகளை இருத்தச் சொல்லும் கல்மனம் நமக்கில்லை. திரட்டுங்கள். ஆனால் திரட்டும்போதே, இது அரசின் கடன், அதை மக்கள் தற்காலிகமாகச் சுமக்கின்றனர் என்று உரக்கச் சொல்லுங்கள். சேர்ந்த ரூபாயில் எத்தனை சதம் மண்டபத்துக்கும் மாலைக்கும் போயிற்று என்பதைப் பாடசாலைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எந்தப் பிள்ளையையும் டிக்கற் விற்கும்படி வற்புறுத்தாதீர்கள்.

ஆசிரியர்களே, மாணவர்களே! அடுத்த அழைப்பிதழ் உங்கள் கைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யார் கொடுக்கிறார்? யார் பெறுகிறார்? இதைக் கொடுக்கவேண்டிய கடமை உண்மையில் யாருடையது? முதலிரண்டுக்கும் ஏடு விடை சொல்லட்டும். மூன்றாவதற்கு விடை பெறும்வரை நாம் ஓயலாகாது.